நிழலும் வெயிலும் ஒரே படத்தில்

கையிலே காமிரா இல்லாத மாணவரை இன்று காண்பது அரிது. செல்போன் பரவிய பின்னர்ப் படம் எடுப்பது எழுதுவதினும் எளிய செயலாகிவிட்டது. ஆயினும், எடுத்த படத்தைப் பார்த்து, "நான் கண்ட காட்சி இதுவன்றே!" என்று ஒருமுறையேனும் ஏமாற்றம் அடையாதவர் உங்களுள் ஒருவரும் இரார். மாமல்லபுரத்திற்குச் சுற்றுலாச் சென்ற மாணவர் ஒருவர், குடைவரை மண்டபத்தின் உள்ளே நின்று, தூண்களின் இடைவழியே வெளியே நோக்குகின்றார் என்று கொள்வோம். தூணின் அடியில் அமர்ந்திருக்கும் கற்சிங்கமும் அவர் கண்ணுக்குத் தெரிகின்றது. வெளியே வெயிலில் கிடக்கும் பாறையும், அதற்கு மேலுள்ள நீல வானமும் தெரிகின்றன. ஆனால் படத்தில் இரண்டில் ஒன்றே கிடைக்கின்றது. சிங்கம் தெளிவாக அமைந்தால் வானம் வெறும் வெள்ளைத் தாளாகின்றது. வானம் நீலமாக அமைந்தால் சிங்கம் கரிய இருளில் மறைந்துபோகின்றது.

இக்குறை ஏன் நேர்கின்றது? இதனை நீக்கும் வழி யாது? நீக்குமிடத்து நாம் பொய் சொல்கின்றோமா, மெய் சொல்கின்றோமா? இம்மூன்று வினாக்களையும் இன்று ஆராய்வோம். மிகுந்த இருளையும் மிகுந்த ஒளியையும் ஒருங்கே காட்டும் படத்தை 'எச்.டி.ஆர்.' படம் என்பர். உயர்ந்த ஒளி வீச்சுடைய படம் என்பது அதன் பொருள். வீச்சு என்றது, ஒரு காட்சியில் உள்ள மிக மங்கிய இடத்திற்கும் மிகப் பொலிந்த இடத்திற்கும் உள்ள விகிதத்தை. இன்று செல்போன்களிலும் தொலைக்காட்சிப் பெட்டிகளிலும் இவ்வெழுத்துகளைக் காண்கின்றீர்கள். தொலைக்காட்சியின் எச்.டி.ஆர். என்பது திரையின் ஒளிர்வைப் பற்றியது. நாம் பேசப்போவது படம் எடுக்கும் முறையைப் பற்றியது.

முதலில் நம் கண்ணின் இயல்பை அறிதல் வேண்டும். கண்ணின் பாவை, ஒளி மிகுந்த இடத்தில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டராகச் சுருங்கும். இருளில் 8 மில்லிமீட்டர் வரை விரியும். குறுக்களவு 4 மடங்கு விரிந்தால் பரப்பு 16 மடங்கு விரியும் என்பது நீங்கள் கணக்குப் பாடத்தில் கற்றதே. ஆகவே பாவையின் சுருக்க விரிவால் மட்டும் கிடைப்பது 16 மடங்குதான். நண்பகல் வெயிலோ முழுநிலவின் ஒளியைக் காட்டிலும் ஏறத்தாழ 4,00,000 மடங்கு மிகுந்தது. அவ்விரண்டிலும் நாம் வழி கண்டு நடக்கின்றோம். எஞ்சிய வேலையைச் செய்வது விழித்திரையும் மூளையும் ஆகும். ஒளிக்கேற்ப விழித்திரை தன் உணர்ச்சியைக் கூட்டியும் குறைத்தும் கொள்கின்றது. வெயிலிலிருந்து சினிமாக் கொட்டகைக்குள் நுழைந்தவர் சிறிது நேரம் நாற்காலியைத் தடவிக்கொண்டு நிற்பதும், பின்னர் மெல்ல மெல்ல யாவும் புலப்படுவதும் இதனாலேயே.

மற்றொன்றும் உண்டு. கண் ஒரு காட்சியை ஒரே பார்வையில் விழுங்குவதில்லை. அது சிங்கத்தை நோக்கும். பின்பு வானத்தை நோக்கும். மீண்டும் தூணுக்கு வரும். ஒவ்வோரிடத்திலும் அவ்விடத்து ஒளிக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும். இவ்வாறு துண்டு துண்டாகக் கண்டவற்றை மூளை ஒரே காட்சியாகத் தொகுத்துத் தருகின்றது. காமிராவோ, திறந்து மூடும் அந்த ஒரு கணத்தில், காட்சி முழுவதையும் ஒரே அளவுகோலால் அளக்கின்றது. கண்ணுக்கும் காமிராவுக்கும் உள்ள வேற்றுமையின் வேர் இதுவே.

ஒளியின் விகிதத்தைக் குறிக்கப் புகைப்படக் கலைஞர்கள் 'ஸ்டாப்' என்னும் சொல்லை வழங்குகின்றனர். ஒரு ஸ்டாப் என்பது ஒருமுறை இரட்டித்தல். 2 ஸ்டாப் 4 மடங்கு. 3 ஸ்டாப் 8 மடங்கு. 10 ஸ்டாப் 1,024 மடங்கு. 14 ஸ்டாப் 16,384 மடங்கு. 20 ஸ்டாப் பத்து இலட்சத்திற்கும் மேல். சதுரங்கப் பலகையின் கட்டங்களில் நெல்லை இரட்டித்து வைக்கச் சொன்ன கதையை நினைவில் கொள்வீர்களாயின், எண்ணிக்கை எத்துணை விரைவில் ஏறுகின்றது என்பது விளங்கும்.

இனி நாம் அமர்ந்திருக்கும் வகுப்பறையையே அளந்து பார்ப்போம். வெளியே திறந்த வெளியில் நண்பகல் வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் அளவினது. அறையின் மூலையில் 50 லக்ஸ் இருக்கின்றது என்று கொள்வோம். இரண்டிற்கும் உள்ள விகிதம் 2,000. அஃதாவது ஏறத்தாழ 11 ஸ்டாப். அதனோடு பொருள்களின் நிறமும் சேரும். வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். கரும்பலகை மிகச் சிறு பகுதியையே திருப்பும். இவ்வேற்றுமை இருபது மடங்குக்குக் குறையாது. ஆக, வெயிலில் நிற்கும் வெள்ளைச் சுவருக்கும் மூலையிலுள்ள கரும்பலகைக்கும் உள்ள விகிதம் 40,000 மடங்கைத் தொடுகின்றது. அது 15 ஸ்டாப்பிற்கும் மேல். இன்று கிடைக்கும் உயர்ந்த காமிராவே ஒரு படத்தில் ஏறத்தாழ 14 ஸ்டாப்தான் கொள்ளும். செல்போனின் சிறிய உணர்கருவி அதனினும் குறைவாகவே கொள்ளும். அச்சிடும் தாளோ, அதன் வெண்மைக்கும் மையின் கருமைக்கும் உள்ள விகிதம் நூறு மடங்கு அளவில் நின்றுவிடுவதால், 7 ஸ்டாப்பைக் கூடத் தாங்காது. இவ்வாறு இடர் இரண்டாகின்றது. காட்சியிலுள்ள ஒளியைப் பிடிப்பது ஒன்று; பிடித்ததைச் சிறிய தாளில் அடக்குவது மற்றொன்று.

பிடிக்கும் இடரை ஆசிரியனுக்கு இயல்பான உவமையால் விளக்குகின்றேன். நூறு மதிப்பெண்ணுக்கு ஒரு தேர்வு நடத்துகின்றோம். வினாத்தாள் மிக எளிதாயின் வகுப்பில் பாதிப்பேர் நூற்றுக்கு நூறு பெறுவர். அவர்களுள் யார் முதல்வர், யார் இரண்டாமவர் என்பது தெரியாது. வினாத்தாள் மிகக் கடினமாயின் பாதிப்பேர் பூஜ்யம் பெறுவர். அவர்களுள் சிறிது கற்றவர் யார், ஒன்றும் கல்லாதவர் யார் என்பதும் தெரியாது. காமிராவில் ஒளிபடு நேரத்தை மிகுதியாக வைத்தல் எளிய வினாத்தாள் போன்றது. வானத்தின் ஒவ்வொரு புள்ளியும் நூற்றுக்கு நூறு பெற்று, மேகமும் நீலமும் வேறுபாடின்றி வெள்ளையாகிவிடும். நேரத்தைக் குறைத்து வைத்தல் கடினமான வினாத்தாள். நிழலிலுள்ள புள்ளிகள் யாவும் பூஜ்யமாகிவிடும். நூறு பெற்றவரிடையேயும் பூஜ்யம் பெற்றவரிடையேயும் இருந்த வேறுபாட்டை, அந்த விடைத்தாளை எத்தனை முறை புரட்டினாலும் மீட்க இயலாது. வேறொரு தேர்வு வைத்தால்தான் அறியலாம். இந்த உவமையை மனத்தில் இருத்துங்கள். மேலே சொல்லப்போவன யாவும் இதனுள் அடங்கும்.

இவ்விடரை வெல்ல இரு வழிகள் உள்ளன. ஒரே எக்ஸ்போஷரில், அஃதாவது காமிராவை ஒரு முறை திறந்து மூடுவதிலேயே, இயன்ற அளவு ஒளியைப் பிடித்துப் பின்னர் அதனைப் பக்குவப்படுத்துவது ஒரு வழி. வெவ்வேறு எக்ஸ்போஷரில் பல படங்கள் எடுத்து ஒன்றாகச் சேர்ப்பது மற்றொரு வழி.

முதல் வழிக்குப் புகழ்பெற்ற சான்று அமெரிக்கக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1941ஆம் ஆண்டில் எடுத்த படம். நியூ மெக்சிகோ மாநிலத்தில் எர்னாண்டஸ் என்னும் சிற்றூரின் வழியே அவர் காரில் வந்துகொண்டிருந்தார். மாலை மங்கும் வேளை. கீழ்வானில் நிலவு எழுந்திருந்தது. ஊர்க் கல்லறையின் வெண்ணிறச் சிலுவைகள்மேல் கடைசி வெயில் வீழ்ந்திருந்தது. அவர் அவசரமாகப் பெரிய காமிராவை நிறுத்தினார். ஒளியை அளக்கும் மீட்டரைத் தேடினார், அகப்படவில்லை. ஆனால் நிலவின் ஒளிர்வு எவ்வளவு என்னும் எண் அவர் நினைவில் இருந்தது. அவ்வெண்ணைக்கொண்டு மனத்திலேயே கணக்கிட்டு ஒரு படம் எடுத்தார். காவலாக இன்னொன்றும் எடுக்க முனைவதற்குள் சிலுவைகளை விட்டு வெயில் அகன்றுவிட்டது. எஞ்சியது ஒரே நெகடிவ். அதில் நிலவு சிதையாமல் பதிந்தது. தரையோ மெலிதாகவே பதிந்தது. 1948இல் அந்நெகடிவின் கீழ்ப்பகுதியை மட்டும் மருந்திலிட்டுச் செறிவாக்கினார். பிரதி எடுக்கும்போதெல்லாம் வானத்தின்மேல் கூடுதல் ஒளி பாய்ச்சி அதனைக் கருமையாக்கினார். இடத்திற்கு இடம் ஒளியைக் கூட்டியும் குறைத்தும் பிரதி எடுக்கும் இக்கை வேலை, இன்று கணிப்பொறி செய்யும் வேலையின் மூதாதை.

இக்கதையில் மாணவர் உணரவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ஆடம்ஸ் வெறும் கைத்திறனால் வெற்றி பெறவில்லை. நிலவு 'நூற்றுக்கு நூறு' ஆகிவிடாதபடி முன்னரே கணக்கிட்டமையால்தான், பின்னர்ச் செய்த திருத்தம் பயன் தந்தது. இருட்டறையில் அவர் வெளிக்கொணர்ந்தது நெகடிவில் முன்பே இருந்ததை.

இன்றைய காமிராவிலும் இதே விதி. உணர்கருவி கண்ட எண்களை மாற்றமின்றிச் சேமிக்கும் 'ரா' என்னும் கோப்பு முறை உண்டு. பச்சையானது, சமைக்கப்படாதது என்பது அதன் பொருள். நாம் வழக்கமாக அனுப்பிக்கொள்ளும் 'ஜேபெக்' படத்தில் ஒவ்வொரு நிறத்திற்கும் 256 படிகளே உண்டு. 14 பிட் கொண்ட 'ரா' கோப்பிலோ 16,384 படிகள் உள்ளன. ஆகவே ஒரே 'ரா' படத்திலிருந்து நிழலை உயர்த்தியும் வெயிலைத் தாழ்த்தியும் ஓரளவு எச்.டி.ஆர். தோற்றத்தை உண்டாக்கலாம்.

ஆனால் அதற்கு எல்லை உண்டு. உணர்கருவி ஒளியை நேர் விகிதத்தில் எண்ணுவதால், அந்த 16,384 படிகளில் சரிபாதியான 8,192 படிகள் மிகப் பொலிந்த ஒரே ஸ்டாப்பிற்குச் சென்றுவிடுகின்றன. அடுத்த ஸ்டாப்பிற்கு 4,096, அதற்கடுத்ததற்கு 2,048. இவ்வாறு பாதி பாதியாகத் தேய்ந்து, பத்தாவது ஸ்டாப்பிற்கு எஞ்சுவது 16 படிகளே. அப்பதினாறிலும் கருவியின் இரைச்சல் கலந்திருக்கும். ஆகவே ஆழ்ந்த நிழலை வலிந்து உயர்த்தினால் மணல் தூவியது போன்ற புள்ளிகள் தோன்றுகின்றன. சிலர் ஒரே படத்திலிருந்து மங்கல், நடுத்தரம், பொலிவு என மூன்று பிரதிகள் செய்து, அவற்றைச் சேர்த்துவிட்டுப் பல படங்களால் ஆன எச்.டி.ஆர். என்கின்றனர். இது ஒரே விடைத்தாளை மூன்று முறை திருத்துவதை ஒக்கும். மாணவனின் அறிவைப் பற்றிப் புதிதாக ஒன்றும் தெரியவராது.

இரண்டாம் வழியோ உண்மையில் வேறு தேர்வு வைப்பது. இதன் வரலாறு புகைப்படக் கலையின் இளமைக் காலத்திலேயே தொடங்குகின்றது. பிரான்சு நாட்டைச் சேர்ந்த குஸ்தாவ் லெ கிரே என்பவர் 1856, 1857ஆம் ஆண்டுகளில் கடற்காட்சிகளைப் படம் எடுத்தார். அக்காலத்துக் கொலோடியன் தகடுகள் நீல ஒளியை மிகுதியாக உணர்வன. ஆகவே கடலுக்கும் கரைக்கும் போதிய நேரம் கொடுத்தால் வானம் வெளுத்துவிடும். லெ கிரே செத் துறைமுகத்தருகே எடுத்த பேரலைப் படத்தில், கடலுக்கு ஒரு நெகடிவும் வானத்திற்கு ஒரு நெகடிவும் எடுத்து, தொடுவானக் கோட்டில் இரண்டையும் பொருத்தி ஒரே தாளில் அச்சிட்டார். கண்டவர்கள் வியந்தனர். எனினும் அவர் ஒரே வானத்தைச் சில வேறு கடற்காட்சிகளோடும் பொருத்தியுள்ளார். இந்தச் செய்தியைச் சிறிது ஒதுக்கி வையுங்கள்; இறுதியில் இதற்கு வருவோம்.

பின்னர், 1950களையும் 1960களையும் சார்ந்த காலத்தில், அமெரிக்கரான சார்லஸ் வைக்காஃப் என்பவர் ஒரே பிலிமில் வெவ்வேறு உணர்ச்சியுடைய மூன்று அடுக்குகளை அமைத்தார். ஒன்று மங்கிய ஒளியை ஏற்கும். ஒன்று நடுத்தர ஒளியை ஏற்கும். மற்றொன்று கண்ணைப் பறிக்கும் ஒளிக்கே அசையும். அணுகுண்டு வெடிப்பின் நடுவையும் விளிம்பையும் ஒருங்கே பதிவு செய்வதற்கு இது பயன்பட்டது. ஒரே கணத்தில் மூன்று தேர்வுகள் நடந்தன எனலாம்.

கணிப்பொறி வந்த பின்னர் இக்கருத்து கணிதமாயிற்று. ஸ்டீவ் மான், ராசலிண்ட் பிகார்ட் என்னும் இருவர் 1995இல், வெவ்வேறு எக்ஸ்போஷரில் எடுத்த படங்களை எண்களாகச் சேர்க்கும் முறையை வெளியிட்டனர். 1997இல் பால் டெபெவெக்கும், கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்று கலிபோர்னியாவில் பேராசிரியராக விளங்கிய ஜிதேந்திர மாலிக்கும், சாதாரணப் படங்களின் தொகுதியிலிருந்தே காமிராவின் இயல்பையும் காட்சியின் உண்மை ஒளிர்வையும் கணக்கிடும் வழியைக் காட்டினர். திரைப்படங்களில் கணிப்பொறி வரைந்த உருவத்தின்மேல் உண்மையான இடத்து ஒளி விழுவதுபோல் காட்டுவதற்கு இம்முறை பெரிதும் உதவிற்று.

அக்கணக்கு உங்களுக்கு எட்டாததன்று. ஒரு புள்ளியில் பதியும் எண், அவ்விடத்து ஒளிர்வையும் ஒளிபடு நேரத்தையும் பெருக்கியதற்கு நேர் விகிதத்தில் அமையும். ஆகவே எண்ணை நேரத்தால் வகுத்தால் ஒளிர்வு கிடைக்கும். வகுப்பறையின் ஒரு மேசைப் புள்ளி 1/25 விநாடிப் படத்தில் 6,400 என்றும், 1/100 விநாடிப் படத்தில் 1,600 என்றும், 1/400 விநாடிப் படத்தில் 400 என்றும் பதிந்தது என்க. வகுத்துப் பாருங்கள், மூன்றிலும் 1,60,000 என்னும் ஒரே விடை வரும். வெளிச்சுவரின் ஒரு புள்ளி 1/25, 1/100 ஆகிய இரண்டு படங்களிலும் எல்லையைத் தொட்டு 16,383 என்று நின்றுவிட்டது. 1/400இல் 12,000 என்று பதிந்தது. எல்லையைத் தொட்டவற்றைத் தள்ளிவிட்டு மூன்றாவதைக் கொண்டால் ஒளிர்வு 48,00,000. மேசையைப்போல் சுவர் 30 மடங்கு பொலிவுடையது என்பது தெளிவாயிற்று. கணிப்பொறி இலட்சக்கணக்கான புள்ளிகளுக்கும் இவ்வாறே செய்கின்றது. எல்லையைத் தொட்ட எண்ணையும் பூஜ்யத்தை ஒட்டிய எண்ணையும் நம்பாது, இடைப்பட்ட எண்களுக்கே மதிப்பு மிகுதியாகக் கொடுத்துச் சராசரி காண்கின்றது. நல்ல சாட்சியையும் ஐயத்திற்குரிய சாட்சியையும் வேறு பிரிக்கும் நீதிபதியின் செயல் போன்றது இது.

செய்முறையாக முயல விரும்புவோர்க்குச் சில குறிப்புகள் கூறுகின்றேன். காமிராவை முக்காலியின்மேல் அசையாமல் நிறுத்துக. முக்காலி இல்லாதவர் சுவரின்மேலோ மேசையின்மேலோ வைக்கலாம். லென்சின் துளையை மாற்றாதீர்கள். மாற்றினால் எந்தத் தொலைவிலுள்ள பொருள் தெளிவாக விழும் என்பதும் மாறிவிடும். மாற்றவேண்டியது ஷட்டரின் நேரம் மட்டுமே. குவியத்தையும் நிறச் சமநிலையையும் தானியங்கிக்கு விடாமல் ஒரு நிலையில் பூட்டுங்கள். ஐ.எஸ்.ஓ. எண்ணைத் தாழ்வாக வையுங்கள். 1/1600, 1/100, 1/400, 1/25 என்பவற்றை வரிசைப்படுத்தி, 2 ஸ்டாப் இடைவெளியில் நான்கு படங்கள் எடுத்தால், காமிராவின் இயல்பான வீச்சோடு 6 ஸ்டாப் கூடும். எத்தனை படம் வேண்டும் என்பதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. மிக மங்கிய படத்தில் வெளி வானம் வெளுக்காமல் இருத்தல் வேண்டும். மிகப் பொலிந்த படத்தில் மூலையின் இருள் விலகியிருத்தல் வேண்டும். இவ்விரண்டும் நிறைவேறினால் அதற்குமேல் எடுப்பது வீண்.

படங்களுக்கிடையே காட்சி அசைந்தால் என்னாகும்? காற்றில் ஆடும் தென்னங்கீற்று நான்கு படங்களில் நான்கு இடங்களில் இருக்கும். சேர்த்த படத்தில் அது அரைகுறையாக நான்கு முறை தோன்றும். நடந்து செல்லும் மனிதர் ஒளி ஊடுருவும் ஆவியுருவாகக் காட்சியளிப்பார். ஆகவே இம்முறை கோயிலுக்கும் மலைக்கும் ஏற்றது. ஓடும் குழந்தைக்கு ஏற்றதன்று. செல்போன்கள் இவ்விடரை வேறு வகையில் அணுகுகின்றன. 2010இலேயே ஐபோனில் எச்.டி.ஆர். வசதி வந்தது. பின்னர்க் கூகிள் நிறுவனத்தார் கையாண்ட முறையில், வானம் வெளுக்காதபடி குறைந்த நேரமுடைய பல படங்கள் ஒரே அளவில் மளமளவென்று எடுக்கப்படுகின்றன. அவற்றை நுண்மையாகப் பொருத்திச் சராசரி காணும்போது, படத்திற்குப் படம் மாறும் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு தணிகின்றது. மாறாத காட்சி நிலைக்கின்றது. நிழல் தெளிவடைகின்றது. நீங்கள் பொத்தானை ஒருமுறை தொட்டதாக எண்ணுகின்றீர்கள். கருவியோ அதற்குள் பல படங்களை எடுத்து முடித்துவிடுகின்றது.

ஒளியைப் பிடித்தாயிற்று. இனி அதனைத் தாளிலோ திரையிலோ அடக்கவேண்டும். இதனை 'டோன் மேப்பிங்' என்பர். பூகோள அறையில் களிமண்ணால் இந்தியத் துணைக்கண்டத்தின் மேடுபள்ள மாதிரி ஒன்று செய்வதாக எண்ணுங்கள். எவரெஸ்ட் சிகரத்தின் 8,848 மீட்டரை ஒரு சாண் உயரமாகக் காட்டினால், காவிரிக் கரையின் மூன்று மீட்டர் மேடு ஒரு தாளின் கனமும் இராது. இரண்டும் தெரியவேண்டுமாயின், இமயத்தை அதன் அளவினும் தாழ்த்திக் கரையை அதன் அளவினும் உயர்த்த வேண்டும். ஆனால் எது எதனினும் உயர்ந்தது என்னும் முறை பிறழாமல் செய்யவேண்டும். டோன் மேப்பிங் செய்வதும் இதுவே. படம் முழுவதற்கும் ஒரே விதியால் சுருக்குவது ஒரு வகை. அந்தந்த இடத்தின் சுற்றுப்புறத்தை நோக்கி இடத்திற்கு ஏற்பச் சுருக்குவது மற்றொரு வகை. பின்னது ஆடம்சின் கைவேலையை ஒத்தது. நுண்ணிய விவரங்களைக் காக்க வல்லது.

வல்லது ஆயினும் அளவு மீறினால் கெடுப்பதும் அதுவே. மேகங்கள் அழுக்குப் பஞ்சு போலாகும். கோபுரத்தைச் சுற்றி வானத்தில் வெளிர் வட்டம் தோன்றும். மனித முகம் உலோகம் போல் மின்னும். நிழலே இல்லாத படம் நிறைவான படம் என்று கருதுவது தவறு. நிழலும் செய்தி சொல்லும். எத்திசையிலிருந்து ஒளி வந்தது, எது முன்னே நின்றது, எது பின்னே நின்றது என்பவற்றை நிழலன்றோ கூறுகின்றது? நண்பகலில் மண்டபத்தின் உட்புறம் இருண்டிருப்பது இயல்பு. அவ்விருளின் உள்ளே சிங்கம் தெரியவேண்டுமேயன்றி, இருளே இல்லாமற்போதல் கூடாது.

இப்போது மூன்றாம் வினாவுக்கு வருவோம். இவ்வாறு தொகுத்த படம் மெய்யா, பொய்யா? லெ கிரேயின் வானத்தை இங்கே நினைவு கூருங்கள். அதே கடலின்மேல் அதே பொழுதில் இருந்த வானத்தை வேறு நெகடிவில் பிடித்துச் சேர்ப்பது ஒன்று. வேறொரு நாளின் வானத்தைக் கொணர்ந்து ஒட்டுவது மற்றொன்று. முன்னது இருந்த ஒளியைத் திரட்டுவது. பின்னது இல்லாத ஒளியைப் படைப்பது. லெ கிரே கலைஞர். அழகிய ஓவியம் போன்ற படத்தை விரும்பினார். அவருக்கு அது தகும். ஆனால் சாட்சியாக நிற்கவேண்டிய படத்திற்கு அது தகாது.

சாட்சியாக நிற்கும் படங்கள் பல. முழுச் சூரிய கிரகணத்தின்போது தோன்றும் கரோனா என்னும் ஒளிவட்டம், சூரியனை ஒட்டிய இடத்தில், வெளிப்புறத்தினும் பல நூறு மடங்கு பொலிவுடையது. ஆகவே வானவியலார் பல எக்ஸ்போஷர்களை எடுத்துச் சேர்த்தே அதன் கதிர் இழைகளை ஆராய்கின்றனர். அங்கே எச்.டி.ஆர். உண்மையை மறைக்கவில்லை, உண்மையைக் காண்பதற்கு அதுவே வழியாகின்றது. செய்தித்தாளின் நிலை சற்று வேறு. 2012ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் இவ்வாறு சேர்த்த படம் ஒன்றை முதற்பக்கத்தில் வெளியிட்டபோது, பல படங்களைத் தொகுத்தது அது என்று படத்தின் அடியிலேயே குறித்தது. அப்படியிருந்தும் செய்திப் படக்காரரிடையே விவாதம் எழுந்தது. பல கணங்களைச் சேர்த்ததை ஒரு கணம் என்று கூறலாமா என்பதே வினா. குறிப்பு எழுதியது நேர்மை. விவாதம் எழுந்ததும் நன்மையே.

இன்று இவ்வினா முன்னினும் கூர்மை பெற்றுள்ளது. வெளுத்துப்போன வானத்தில், இருந்திராத மேகத்தையும் நீலத்தையும் ஒரு நொடியில் வரைந்து நிரப்பும் கருவிகள் செல்போனிலேயே உள்ளன. அப்படம் காமிரா கண்டதைச் சேர்த்ததா, கருவி கற்பனை செய்ததா என்பதைப் பார்ப்பவரால் எளிதில் பிரித்தறிய இயலாது. எடுத்தவர் சொன்னால்தான் தெரியும். விபத்தைக் காட்டும் படமும், வெள்ளத்தின் அளவைக் காட்டும் படமும், ஆய்வுக்கூடத்துச் சோதனைப் படமும் பிறர் முடிவு செய்வதற்கு ஆதாரமாகின்றவை. அத்தகைய படத்தைக் கொடுப்பவர், எத்தனை எக்ஸ்போஷர்களைச் சேர்த்தோம், என்ன மாற்றினோம் என்பதைக் கூறிவிடுதல் கடமையாகும். அறிவியல் ஏட்டில் சோதனை முறையை எழுதாமல் விடையை மட்டும் எழுதினால் ஆசிரியர் ஏற்றுக்கொள்வாரா?

ஆகவே, மாணவ நண்பர்களே, மூன்று செய்திகளை நினைவிற் கொள்ளுங்கள். பதியாத ஒளியைப் பின்னர்ப் படைக்க இயலாது. ஆதலால் படம் எடுக்கும் கணத்திலேயே கருத்தாக இருங்கள். ஒரு படத்தில் அடங்காத ஒளியைப் பல படங்களில் பொறுமையோடு திரட்டலாம். அது பொய்யன்று, நம் கண்கள் நாள்தோறும் செய்வதே அது. திரட்டியதற்கும் புனைந்ததற்கும் உள்ள எல்லையை நீங்கள் அறிந்திருப்பதோடு, பிறர்க்கும் மறைக்காமல் சொல்லுங்கள். அடுத்த விடுமுறையில் உங்கள் வகுப்பறைச் ஜன்னலையே நான்கு படங்களாக எடுத்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் கரும்பலகையில் எழுதிய எழுத்தும் வெளியே வெயிலில் நிற்கும் வேப்பமரத்தின் இலையும் ஒரே படத்தில் தெரியுமாயின், இன்று கேட்டது வீண்போகவில்லை என்று மகிழ்வேன்.